சோளக் கதிரும் தணலும்

சென்னைக் கடற்கரைக்கு மாலை வேளையில் செல்வோர் கண்ணால் காணும் முன்னே மூக்கால் அறிந்துகொள்ளும் பொருள் ஒன்று உண்டு. அது தணலில் வாட்டப்படும் சோளக் கதிர். மயிலாப்பூரை அடுத்த மெரினா மணற்பரப்பிலும், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையிலும், ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் ஓர் இரும்புத் தட்டு, அதில் கொஞ்சம் கரி, அருகே ஒரு விசிறி, பசிய மேலுறை கழியாத கதிர்களின் குவியல், ஒரு கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த் தூளும், இரண்டாக அரிந்த எலுமிச்சம் பழம் ஆகிய இவ்வளவே முதலாகக் கொண்டு ஒருவர் தொழில் நடத்துகிறார். நாம் பணத்தைக் கொடுத்துக் கதிரை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்துவிடுகிறோம். அந்த ஐந்தாறு நிமிடங்களில் நம் கண்முன் நடந்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

மாணவ நண்பர்களே, சோளம் சுடுவதைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நகைக்கக் கூடும். தாவரநூல், வேதியியல், வரலாறு, மருத்துவம் என்று நாம் வெவ்வேறு வகுப்புகளில் பயிலும் பாடங்கள் பல, அந்தத் தள்ளுவண்டியின் மேல் ஒருங்கே கூடுகின்றன. அன்றியும், ஒரு பொருளைப் பெறுவது வேறு, அதைப் பற்றிய அறிவைப் பெறுவது வேறு என்னும் பேருண்மையை உலகுக்குப் பெருவிலை கொடுத்துக் கற்பித்த தானியம் இது. அந்தக் கதையைச் சொல்லவே இன்று வந்தேன். கதைக்குப் போகும் முன், சோளம் சுடுபவரின் கையைச் சிறிது நேரம் கூர்ந்து பார்ப்போம்.

முதலில் அவர் கதிரைத் தேர்ந்தெடுக்கிறார். மேலுறையைச் சற்றே விலக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு மணியை அழுத்துகிறார். பால் போன்ற சாறு பீறிட்டால் கதிர் பதமாக இருக்கிறது. தெளிந்த நீர் வந்தால் அது பிஞ்சு. ஒன்றும் வாராமல் நகம் வழுக்கினால் அது முற்றல். உழவர்கள் இதனைப் பால் பிடித்த பருவம் என்பார்கள். அப்பருவத்தில் மணிக்குள் சர்க்கரையும் மாவுப்பொருளும் கலந்து நிற்கின்றன. கதிர் முற்ற முற்றச் சர்க்கரை மாவுப்பொருளாக மாறிக்கொண்டே போகும். செடியிலிருந்து ஒடித்த பின்னும் இம்மாற்றம் நின்றுவிடுவதில்லை. வெயில் மிகுந்தால் விரைந்து நடக்கும், குளிர்ந்தால் மெதுவாக நடக்கும். ஆதலால்தான் காலையில் தித்தித்த கதிர் மறுநாள் மாலையில் சப்பென்று ஆகிவிடுகிறது. மேலுறையை உரிக்காமல் ஈரமாக வைத்திருப்பதும், அவ்வப்போது நீர் தெளிப்பதும் இந்த இழப்பைத் தடுக்கும் முயற்சிகளே. இக்காலத்தில் தியாகராய நகர்க் கடைத்தெருக்களில் கிண்ணத்தில் இட்டுத் தரும் வெந்த இனிப்புச் சோளம் வேறோர் இனம். சர்க்கரை மாவாக மாறுவதைத் தாமதப்படுத்தும் மரபுக்கூறு ஒன்று அதில் அமைந்துள்ளது. அது வேகவைப்பதற்கு ஏற்றது. கடித்து மெல்லும் உறுதியும் தணலின் மணமும் வேண்டுவோர்க்குப் பழைய வயற்சோளமே தக்கது.

தேர்ந்தெடுத்த கதிரின் உறையை அவர் உரிக்கும்போது, உள்ளே பட்டு நூல் போன்ற குஞ்சம் ஒன்று வெளிப்படுகிறது. அதை ஒரே இழுப்பில் பிய்த்து எறிகிறார். அந்தக் குஞ்சத்தில் ஓர் அற்புதம் உண்டு. அதன் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு மணிக்கு உரியது. செடியின் உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்திலிருந்து மகரந்தத் தூள் காற்றில் உதிர்ந்து, இடையில் நிற்கும் கதிரின் இழைகளில் படிகிறது. எந்த இழையில் படிந்ததோ அந்த இழையின் அடியில் உள்ள மணி மட்டுமே பால் பிடிக்கும். படியாத இழைக்கு உரிய இடம் வெறுமையாகவே நிற்கும். கதிரில் ஆங்காங்கே பல் விழுந்த வாய் போன்ற இடைவெளிகளைக் கண்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் மகரந்தம் எட்டாத இடங்கள். இன்னொன்றையும் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கதிரைச் சுற்றியுள்ள மணிவரிசைகள் பன்னிரண்டாகவோ பதினான்காகவோ பதினாறாகவோ இருக்கும். எவ்வளவாயினும் அவை இரட்டைப்படை எண்ணாகவே அமைவது இயல்பு. இளங்கதிரில் பூக்கள் இரட்டை இரட்டையாகத் தோன்றுவதே இதற்குக் காரணம். அடுத்த முறை கதிர் வாங்கினால், கடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாத ஓர் ஆராய்ச்சி அது.

இனி நெருப்பைக் கவனிப்போம். சோளம் சுடுபவர் சுவாலையை விரும்புவதில்லை. எரியும் சுவாலை கதிரின் மேல்தோலைக் கருக்கிப் புகை படியச் செய்யும். உள்ளே மணி பச்சையாகவே இருக்கும். அவர் வேண்டுவது தணல். கரி என்பது, போதிய காற்றுப் புகாதபடி மூடிச் சுட்ட மரம். சுடும்போதே மரத்தின் ஈரமும் புகையாகும் பொருள்களும் வெளியேறிவிடுவதால், எஞ்சிய கரி சுவாலையின்றிச் செந்நிறமாகக் கனல்கிறது. அதன் வெப்பம் காற்றைச் சூடாக்கி மேலே போவதைக் காட்டிலும், கதிரொளி போல நேரே பாய்ந்து பொருளைத் தாக்குவதே மிகுதி. இதனால்தான் கதிரைத் தணலுக்கு ஒரு விரற்கடை அருகே கொண்டுசெல்வதும் விலக்குவதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வோம். மேலே சாம்பல் படர்ந்து, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நிலை அது. அந்தச் சாம்பல் வெப்பத்தை அடக்கிச் சீராக வெளிவிடும் போர்வை. அடக்கம் வேண்டும்போது அவர் சாம்பலைத் தொடுவதில்லை. உக்கிரம் வேண்டும்போது விசிறியை எடுக்கிறார். விசிறியின் வீச்சு சாம்பலை விலக்கிக் கரிக்கு உயிர்வளியை ஊட்டுகிறது. உடனே தணல் சிவந்து பொறி பறக்கிறது. கடற்கரையில் பிற்பகல் முதல் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசும். நிலம் நீரைவிட விரைவில் சூடேறுவதன் விளைவு அது. அந்தக் காற்று கட்டுக்கு அடங்காமல் அடித்தால் கரி வீணே எரிந்துபோகும். ஆகவே வண்டியின் ஒரு பக்கத்தில் தகரத் தட்டியை நிறுத்தி, வேண்டிய அளவு காற்றை மட்டும் உள்ளே விடுவதையும் நான் கண்டிருக்கிறேன். காற்றும் தடுப்பும் விசிறியும் ஆகிய மூன்றையும் கொண்டு வெப்பத்தை ஏற்றி இறக்கும் இந்தத் திறமைக்கு எந்தப் பாடசாலையும் சான்றிதழ் தருவதில்லை.

தணலின் மேல் கம்பி வலையிலோ, கரியின் மேலேயோ கதிர் கிடக்கிறது. அவர் ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே என்ன நடக்கிறது? மணிக்குள் மாவுப்பொருள் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. ஏறத்தாழ 65 பாகை வெப்பத்தில் அத்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழ் போல் ஆகின்றன. பச்சை வாடை நீங்கி மென்மை வருவது அப்போதுதான். வெப்பம் 100 பாகையை எட்டும்போது மணியில் உள்ள நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. தோலைப் பிளந்துகொண்டு அது வரும் ஓசையே நாம் கேட்கும் படபடப்பு. அந்த நீர் இருக்கும் வரை உள்ளே வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது. ஆனால் மேற்பரப்பு காய்ந்துவிட்டால் அங்கே வெப்பம் விரைந்து ஏறும். 140 பாகையளவில் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் இணைந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. 1912-ஆம் ஆண்டில் இவ்வினையை ஆராய்ந்து விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயரால் இதனை மையார் வினை என்கிறார்கள். வறுத்த காப்பிக் கொட்டையின் மணமும், சுட்ட அப்பளத்தின் நிறமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, உள்ளே வேகுதல், வெளியே வறுபடுதல் ஆகிய இரண்டு சமையல்கள் ஒரே கதிரில் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. உருட்டும் கை ஒரு கணம் தயங்கினால் வறுபடுதல் கருகுதலாகிவிடும்.

இந்தச் சோளமணி ஏன் பொரிந்து மலர்வதில்லை என்று சிலர் கேட்பார்கள். பொரிசோளம் தனி இனம். அதன் தோல் மிகவும் கெட்டியானது. நன்கு உலர்ந்து, நூற்றில் பதினான்கு பங்கு அளவே ஈரம் எஞ்சியிருக்கும். ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி, 180 பாகையளவில் மணி வெடித்து மலர்கிறது. பச்சைக் கதிரிலோ ஈரம் மிகுதி, தோல் மெல்லியது. அழுத்தம் சேரும் முன்னே தோல் கிழிந்துவிடுகிறது.

சுட்ட கதிரை எடுத்து, எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த் தூளிலும் தோய்த்து, கதிர் முழுதும் அழுத்தித் தேய்க்கிறார். சூட்டில் சாறு பட்டதும் ஒரு சீறல். பிறகு, உரித்த பச்சை உறையையே தட்டாக்கி அதில் கதிரை வைத்து நீட்டுகிறார். இந்தச் சிறிய வண்டியில் கூடியிருக்கும் பொருள்களின் பிறப்பிடத்தை விசாரித்தால் வியப்பு மேலிடும். சோளத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மிளகாயின் தாயகமும் அதுவே. போர்ச்சுகீசியரின் வருகைக்குப் பின்னரே மிளகாய் நம் அடுக்களையில் மிளகின் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டில் கரி பெரும்பாலும் இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தைச் சுட்டுச் செய்யப்படுகிறது. அம்மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. எலுமிச்சை இனமோ ஆசியாவில் தோன்றியது. அது இங்கிருந்து மேற்கே சென்று, ஸ்பானியரின் கப்பலில் ஏறி அமெரிக்கா சேர்ந்தது. இன்று மெக்சிகோ நாட்டுத் தெருக்களிலும் கதிரைச் சுட்டு, மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் தடவித்தான் உண்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பொருள்கள் இங்கு வந்தன. இங்கிருந்து ஒன்று அங்கே சென்றது. இரு கரைகளிலும் அவை ஒரே சுவையில் சந்தித்துக்கொண்டன.

கதிரின் பூர்வ கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் தென்பகுதியில், பல்சாஸ் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில், தியோசிந்தே எனப்படும் காட்டுப்புல் வளர்கிறது. அதன் கதிரில் ஐந்து முதல் பன்னிரண்டு மணிகளே இருக்கும். ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் அடங்கியிருக்கும். இந்தப் புல்லும் சோளமும் உறவினர் என்று முதலில் பலர் நம்பவில்லை. ஜார்ஜ் பீடில் என்ற அறிஞர் 1939-ஆம் ஆண்டிலேயே இப்புல்தான் சோளத்தின் மூதாதை என்று வாதிட்டார். பிற்கால மரபணு ஆராய்ச்சிகள் அவர் கருத்தையே உறுதிப்படுத்தின. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத உழவர்கள் அப்புல்லில் நல்ல மணிகளைத் தேர்ந்து தேர்ந்து விதைத்து, தலைமுறை தலைமுறையாக அதை மாற்றினார்கள். விளைவாகப் பிறந்த சோளம், மனிதன் இன்றி வாழ முடியாத பயிர். அதன் மணிகள் உறைக்குள் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் தாமாக உதிர்ந்து பரவ மாட்டா. கதிர் அப்படியே மண்ணில் விழுந்தாலும், நூற்றுக்கணக்கான முளைகள் ஓரிடத்தில் நெருங்கி ஒன்றையொன்று நெரித்து மடியும். உரித்து விதைக்கும் கை ஒன்று அதற்கு வேண்டும்.

1492-ஆம் ஆண்டில் கொலம்பசின் குழுவினர் கியூபாத் தீவில் இப்பயிரைக் கண்டனர். அதன் பின்னர் மிகக் குறுகிய காலத்தில் அது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் பரவியது. எங்கிருந்து வந்தது என்பதை அறியாத மக்கள், தாம் கேள்விப்பட்ட தூர நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இத்தாலியர் இன்றும் அதைத் துருக்கித் தானியம் என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். நாமோ, ஏற்கெனவே அறிந்திருந்த சோளத்தின் பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்த்து மக்காச்சோளம் என்றோம். கடற்கரையில் அந்த அடைமொழியும் தேய்ந்து, வெறும் சோளம் என்றே வழங்குகிறது.

நான் முதலில் சொன்ன பெருவிலை இனிமேல்தான் வருகிறது.

பயிர் பரவிய இடமெல்லாம் ஏழை மக்களின் பசியை அது தீர்த்தது. குறைந்த நிலத்தில் நிறைந்த விளைச்சல் தந்தது. ஆனால் அதையே மூன்று வேளையும் உண்ட மக்களிடையே ஒரு விந்தையான நோய் தோன்றியது. வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து வெடித்துச் சொரசொரப்பாகும். வயிற்றுப்போக்கு வரும். அறிவு கலங்கும். முடிவில் உயிர் போகும். 1735-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காசால் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். 1771-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிராப்போலி, சொரசொரப்பான தோல் என்ற பொருளில் பெல்லாகிரா என்று அதற்குப் பெயர் வழங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது கொள்ளைநோய் போலப் பரவியது. நாற்பதாண்டுகளுக்குள் அங்கே முப்பது லட்சம் பேர் அதனால் பீடிக்கப்பட்டனர் என்றும், ஒரு லட்சம் பேர் இறந்தனர் என்றும் கணக்கிடப்படுகிறது.

அது தொற்றுநோய் என்றே பெரும்பாலோர் நம்பினர். 1914-ஆம் ஆண்டில் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவரை அமெரிக்க அரசு அதை ஆராய அனுப்பியது. அவர் அனாதை விடுதிகளுக்கும் மனநோய் மருத்துவமனைகளுக்கும் சென்று பார்த்தார். அங்கே தங்கியிருந்தவர்களுக்கு நோய் வந்தது. அவர்களோடு பழகிய பணியாளர்களுக்கு வரவில்லை. தொற்றுநோய்க்கு இந்த வேற்றுமை தெரியுமா? உணவில்தான் காரணம் இருக்கிறது என்று அவர் துணிந்தார். பாலும் முட்டையும் இறைச்சியும் பருப்பும் சேர்த்த விடுதிகளில் நோய் மறைந்தது. அப்போதும் நம்பாதவர்களின் ஐயத்தை நீக்க, 1916-ஆம் ஆண்டில் அவரும் அவர் மனைவியும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டனர். ஒருவருக்கும் நோய் வரவில்லை. அவர் 1929-இல் மறைந்தார். உணவில் குறைந்திருந்த பொருள் நிகோடினிக் அமிலம், அதாவது நயாசின் என்னும் உயிர்ச்சத்து, என்பதை 1937-இல் எல்வேஜெம் கண்டறிந்தார். அதைக் காணக் கோல்ட்பர்கர் உயிரோடு இல்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. சோளத்தையே உயிராகக் கொண்ட மெக்சிகோ மக்களுக்கு இந்த நோய் ஏன் பரவலாக வரவில்லை? விடை அவர்கள் அடுக்களையில் இருந்தது. அந்நாட்டுப் பெண்கள் உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அதன்பின் அரைத்து ரொட்டி தட்டுவார்கள். ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம் இது. சோளத்தில் நயாசின் உண்டு. ஆனால் அது வேறு பொருள்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலுக்கு எட்டுவதில்லை. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. அவரையும் பூசணியும் சேர்த்து உண்ணும் அவர்களது பழக்கமும் துணைநின்றது. தாம்பூலம் தரிக்கும் நமக்குச் சுண்ணாம்பின் வினை புதிதன்று. கடல்கடந்து சென்றவர்கள் மணியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண்களிடம், ஏன் அம்மா சுண்ணாம்பு சேர்க்கிறாய் என்று கேட்டு அதையும் கொண்டுவரவில்லை. மணி வந்து சேர்ந்தது, மதி வந்து சேரவில்லை. அந்த ஒரு குறைக்கு மனித குலம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உயிர்களைக் கொடுத்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டிலும் தக்காணப் பகுதியில், நாட்டுச் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இதே நோய் காணப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்களுள் தலைமை பெற்றவர் சி. கோபாலன். 1918-ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, குன்னூரில் இயங்கிப் பின்னர் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்துக்கு இந்நோயில் பங்குண்டு என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். அதனை ஒட்டியும் வெட்டியும் பின்னர் உலகெங்கும் விவாதம் நடந்தது. விவாதம் எவ்வாறாயினும், ஏழையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஆராய்ச்சிக்கூடத்தின் முதற் கேள்வியாக ஆக்கிய பெருமை அவருடையது. 2019-ஆம் ஆண்டில், நூறு ஆண்டு நிறைவாழ்வு வாழ்ந்து, சென்னையில் அவர் மறைந்தார்.

இதைக் கேட்டு, கடற்கரைச் சோளத்தை உண்ண எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் காயும் மோரும் உண்ணும் ஒருவர் மாலையில் ஒரு கதிரைக் கடிப்பதால் ஒரு தீங்கும் இல்லை. வேறு வழியின்றி அது ஒன்றையே நாள்தோறும் உண்ண நேர்ந்த வறுமையே நோயின் வேர். கோல்ட்பர்கரும் கடைசியில் கண்டது அதுவே. கூலி உயர்ந்தால் நோய் குறையும், பருத்தி விலை வீழ்ந்தால் நோய் பெருகும் என்று அவர் எச்சரித்தார்.

தமிழ்நாட்டில் இன்று பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் மக்காச்சோளம் பெருமளவில் விளைகிறது. அதில் மிகப் பெரும் பங்கு நம் வாய்க்கு வருவதில்லை. நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. நாம் முட்டையாக உண்பதும் ஒரு வகையில் சோளத்தையே. 2018-ஆம் ஆண்டில் படைப்புழு என்னும் பூச்சி கருநாடகத்தில் முதலில் காணப்பட்டு, அதே ஆண்டில் நம் வயல்களிலும் புகுந்து பேரிழப்பை உண்டாக்கியது. அந்தப் புழுவின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. பயிர் வந்து நெடுங்காலம் கழித்து அதன் பகையும் வந்து சேர்ந்தது. அதனை எதிர்த்து நிற்க, வயலில் நிற்கும் உழவரின் அறிவும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்களின் அறிவும் ஒன்றோடொன்று பேச வேண்டியிருக்கிறது.

பேச வேண்டும் என்று நான் சொல்வதைச் சிந்தியுங்கள். அறிவு நூலில் மட்டும் இருப்பதன்று. கையிலும் அது குடியிருக்கிறது. சுண்ணாம்பு சேர்த்த மெக்சிகோப் பெண்ணுக்கு நயாசின் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவள் கை அதன் பயனை அறிந்திருந்தது. நகத்தால் மணியை அழுத்திப் பார்க்கும் நம் கடற்கரை வணிகருக்குச் சர்க்கரை மாவாகும் வேதியியல் தெரியாமலிருக்கலாம். ஆனால் அவர் விரல் அதன் விடையை அறியும். கற்றவர் இத்தகைய கைகளிடம் கேட்கத் தவறும்போது உலகம் இழப்பது சிறிதன்று. அவ்வாறே, கையறிவு உள்ளவர்க்கு நூலறிவு சென்று உதவாவிடில் அதுவும் இழப்பே. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் கரிப்புகையின் முன் நிற்பவரின் கண்ணும் நெஞ்சும் என்ன ஆகின்றன? புகை குறைந்த அடுப்பை, அவர் வாங்கக் கூடிய விலையில், தணலின் சுவை கெடாதபடி அமைத்துத் தர முடியுமா? பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல வினாத்தாள் எங்கே கிடைக்கும்?

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கதிரை வாங்கியவுடன் நடந்துவிடாதீர்கள். சிறிது நேரம் நில்லுங்கள். மணிவரிசைகளை எண்ணுங்கள். தணல் சாம்பல் பூப்பதையும் விசிறிக்குச் சிவப்பதையும் பாருங்கள். கூட்டம் குறைந்த வேளையாக இருந்தால், கதிர் எந்த ஊரிலிருந்து வருகிறது, பதம் எப்படித் தெரிகிறது, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் ஐயா என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்டவருக்கு மறுக்காமல் சொல்வது கைத்தொழிலாளர் பலரின் இயல்பு. முன்னொரு காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் கேட்க மறந்த கேள்வியை நீங்கள் மறக்க வேண்டாம். கதிரின் விலையைக் கொடுத்துக் கதிரைப் பெறுகிறீர்கள். அதனோடு சேர்ந்த அறிவுக்கு அவர் விலை கேட்பதில்லை. கேட்டுப் பெற்றுக்கொள்வது உங்கள் பொறுப்பு.